முதல் ஊசியோடு முடிவதில்லை



கண்புரை அறுவைக்கு நீங்கள் அனுப்பும் காணிக்கையின் பலனைச் சொல்வது எங்களுக்கு எளிது. ஒரு நாள் அறுவை. கட்டு அவிழ்த்ததும் பார்வை. இம்மாதப் பாடமோ அப்படி ஒரே நாளில் முடியாத ஒரு கண் நோயைப் பற்றியது.

விழித்திரையின் நடுப்பகுதிக்கு மேக்குலா என்று பெயர். வாசிப்பதற்கும் முகங்களை அடையாளம் காண்பதற்கும் அது வேண்டும். முதுமையில் சிலருக்கு அது சிதைகிறது. இதில் உலர் வகை, ஈர வகை என இரண்டு உண்டு. ஈர வகையில் விழித்திரைக்கு அடியில் புது இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. நேர்க்கோடு வளைந்து தெரியும். பார்வையின் நடுவே இருள் விழும். அந்தக் குழாய்களை வளரவிடாமல் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்துகிறார்கள்.

ரானிபிசுமாப் என்னும் மருந்துக்கு 2006-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு வெளியான 'மரினா' ஆய்வில் மாதந்தோறும் இந்த ஊசி பெற்றவர்கள் ஓராண்டில் எழுத்துப் பலகையில் சராசரியாக 7 எழுத்துகள் கூடுதலாக வாசித்தார்கள். பெறாதவர்கள் 10 எழுத்துகளை இழந்தார்கள்.

ஆய்வுக்கு வெளியே, அன்றாட வாழ்க்கையில் நடந்தது என்ன? எட்டு நாடுகளின் நோயாளிகளைக் கவனித்த 'ஆரா' ஆய்வு 2015-ல் வெளியானது. முதல் ஆண்டில் அவர்கள் பெற்றது சராசரியாக 5 ஊசிகள். இரண்டாம் ஆண்டில் 2 மட்டுமே. முதல் ஆண்டு முடிவில் 2.4 எழுத்துகள் கூடியிருந்தன. இரண்டாம் ஆண்டு முடிவில் அதுவும் 0.6 ஆகக் குறைந்தது. மருந்து அதேதான், ஊசியும் பரிசோதனையும் குறைந்துபோயின.

விலை மட்டும் காரணமல்ல. புற்றுநோய் மருந்தான பெவாசிசுமாப் குறைந்த செலவில் ஏறக்குறைய அதே பார்வைப் பலனைத் தருவதாக 2011-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இந்தியாவிலேயே தயாரான ரானிபிசுமாபும் 2015-ல் வந்துவிட்டது. ஆனால் வழி குறுகவில்லை.

திருமுடிவாக்கத்தில் எழுபது வயதுத் தாயார் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 1819 முதல் ஏழைகளுக்குக் கண் கொடுத்துவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போக, அனகாபுத்தூர், பம்மல் வழியாகப் பல்லாவரம் வரை பேருந்து. பிறகு மின்சார ரயில். தனியாகப் போக இயலாது. சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை செய்யும் மகன் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். முதல் மாதம் இழப்பான். ஐந்தாம் மாதம்? "இத்தனை ஊசி போட்டும் தெளிவு வரலியேப்பா, போதும்" என்று தாயாரே சொல்லிவிடுவார்.

அங்கேதான் பார்வை பறிபோகிறது. மீதமுள்ள பார்வையைக் காப்பதும் பலனே என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். பெத்சாயிதாவின் குருடனை ஆண்டவர் இரண்டாம் முறையும் தொட்டார் என்று மாற்கு 8-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். முதல் தொடுதலில் தெளிவு வராதவனை அவர் அப்படியே விட்டுவிடவில்லை.

ஆகவே பிரியமானவர்களே, முதல் ஊசிக்குக் கொடுப்பதுபோலவே ஆறாவது ஊசிக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும், துணைக்கு வருபவரின் கூலிக்கும் கொடுங்கள். பணமில்லாதவர்கள் ஒரு நாள் துணைக்குப் போகலாம்.

வீட்டில் செய்ய: பெரியவர்களை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் கட்டம் போட்ட தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு வளைந்தோ விட்டுப்போயோ தெரிந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஊசி போட்டபின் வலியோ சிவப்போ அதிகமானாலும், பார்வை மங்கினாலும் அன்றே போக வேண்டும்.

சிந்திக்க: நம் சபையில் வேதம் வாசிப்பதைச் சமீபத்தில் நிறுத்திக்கொண்ட முதியவர் யார்? காரணம் கேட்டோமா?