கோபால்ட்டுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பேட்டரிகளுக்கான கோபால்ட்டை எடுக்கும் காங்கோ சுரங்கங்களில் சிறுவர்கள் வேலை செய்வதற்குக் கைப்பேசி நிறுவனங்கள் எப்படிப் பொறுப்பாகும்? அவை சுரங்கம் நடத்தவில்லையே?

பதில்: நடத்தவில்லைதான். ஆப்பிள், கூகுள், டெல், மைக்ரோசாஃப்ட், டெஸ்லா மீது இதற்காக 2019-இல் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு, 2024-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. நீதிமன்றத்தின் பார்வையில், உலகச் சந்தையில் கோபால்ட் வாங்குவது மட்டுமே சுரங்கத்தாரோடு கூட்டு முயற்சி ஆகாதாம். சட்டம் விட்டுவிட்டது என்பதால் பொறுப்பு தீர்ந்துவிடுமா? உலகக் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் காங்கோவிலிருந்து வருகிறது. அந்நாட்டின் கொல்வேசிப் பகுதியில் கையால் தோண்டிய தாதுவை இடைத்தரகர்கள் வாங்குகிறார்கள். அது பெருஞ்சுரங்கச் சரக்கோடு கலந்து, பெரும்பாலும் சீனாவில் சுத்திகரிக்கப்படுகிறது. கலந்தபின் பிரித்தறிய முடியாது என்கின்றன நிறுவனங்கள். பேட்டரியின் தரம் இம்மி பிசகினாலும் சரக்கைத் திருப்பியனுப்பத் தெரிந்தவர்களுக்கு, கலப்பதற்கு முன்பே தாது வந்த வழியைக் கேட்கத் தெரியாதா?

அப்படியானால் காங்கோவிடம் வாங்குவதையே நிறுத்தலாமே என்பார்கள். அது கைகழுவல். தகரம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவற்றுக்கு 2010-இல் அமெரிக்காவின் டாட்-ஃபிராங்க் சட்டம் எங்கிருந்து வந்தவை என்று கணக்குக் கேட்டபோது, வாங்குவோர் பலர் கிழக்குக் காங்கோவையே ஒதுக்கினார்கள். நேர்மையாகத் தோண்டியவர்களும் பிழைப்பை இழந்தார்கள். தொடர்ந்து வாங்கி, நியாயமான விலையும் குழிகளுக்குப் பாதுகாப்பும் கோருவதே பொறுப்பு. கட்டுப்படியாகாது என்ற பேச்சும் எடுபடாது. ஒரு கைப்பேசியில் இருப்பது சில கிராம் கோபால்ட்தான். கோபால்ட் பேட்டரி பொருத்திய மின்சாரக் கார் விற்பவர்களுக்குத்தான் அது கிலோக்கணக்கு.