போன வருஷமும் வந்த காய்ச்சல்

இடவப்பாதி மழை தொடங்கினால் போதும். பாறசாலைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கும். நெய்யாற்றின்கரையிலும் அப்படித்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையிலும் அப்படித்தான்.

ஒரு நாள் மாலை. வாசிப்பு வகுப்புக்கு ஒரு பாட்டி தாமதமாக வந்தார். ஆஷா தொண்டரிடம் சொன்னார்:

"மருமகளுக்கு நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல், உடம்பு வலி. சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன் மக்களே. போன வருஷமும் அவளுக்கு ஃபுளூ காய்ச்சல் வந்தது. தட்டம்மை ஒருக்கா வந்தால் பிறகு வராது. இது மட்டும் எதுக்குத் திரும்பத் திரும்ப வருது?"

நல்ல கேள்வி. பெரிய விஞ்ஞானிகளும் இதைத்தான் கேட்டார்கள்.

ஃபுளூ காய்ச்சலை உண்டாக்குவது ஒரு வைரஸ் கிருமி. அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கு வைத்தால் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். சக்கையின் தோலில் முள் இருப்பதுபோல இந்தக் கிருமியின் மேலும் முள் உண்டு. அந்த முட்கள் புரதத்தால் ஆனவை. அவற்றில் முக்கியமானவை இரண்டு வகை.

ஒன்று, சாவி முள். நம் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள செல்களின் மேல் ஒருவகைச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அதுதான் பூட்டு. சாவி முள் அதில் ஒட்டிக்கொள்ளும். கிருமி உள்ளே நுழையும். உள்ளே போய்த் தன்னைப் போலவே பல கிருமிகளை உண்டாக்கும்.

மற்றொன்று, கத்தரி முள். புதிய கிருமிகள் வெளியே வரும்போது அதே சர்க்கரையில் ஒட்டி நின்றுவிடும். கத்தரி முள் அதை வெட்டிவிடும். கிருமிகள் அடுத்த செல்லுக்குப் போகும்.

சாவி முள்ளுக்கு விஞ்ஞானிகள் வைத்த அடையாள எழுத்து ஹெச். கத்தரி முள்ளுக்கு என். 'ஹெச்1 என்1' என்று பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அது முட்களின் வகையைச் சொல்லும் பெயர்.

நம் உடம்பு சும்மா இருக்குமா? இருக்காது. வந்த கிருமியின் முள்ளைப் பார்த்து வைத்துக்கொள்ளும். அந்த முள்ளைப் பிடித்து மூடுவதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கும். சாவியின் நுனியில் மெழுகு ஒட்டினால் பூட்டுத் திறக்குமா? அதுபோலத்தான்.

"அப்படியானால் மறுபடியும் எப்படி நுழையுது?" என்று பாட்டி விடவில்லை.

பலகையைப் பார்த்து நாம் எழுதுகிறோம். சில நேரம் ஒரு எழுத்து மாறிவிடுகிறது அல்லவா? கிருமியும் தன்னைப் பார்த்துத் தானே எழுதிக்கொள்கிறது. அதிலும் பிழை வரும். நாம் அழித்துத் திருத்துகிறோம். கிருமிக்குத் திருத்தத் தெரியாது. பிழையால் சாவி முள்ளின் நுனி கொஞ்சம் மாறும். பழைய எதிர்ப்பொருள் அதைச் சரியாகப் பிடிக்க முடியாது. தட்டம்மைக் கிருமியின் முள் இப்படி எளிதில் மாறுவதில்லை.

சில சமயம் முள் முழுவதுமே புதிதாகிவிடும். அது ஆபத்து. 1957-ல் அப்படி நடந்தது. அதுவரை மக்களிடம் பரவியது ஹெச்1 என்1. அந்த ஆண்டு ஹெச்2 என்2 வந்தது. இரண்டு முள்ளும் புதியவை. மே மாதம் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்து, இந்தியா முழுவதும் பரவியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இன்புளுயன்சா மையம் அதை ஆராய்ந்தது. 1968-ல் ஹெச்3 என்2 வந்தது. இந்த முறை சாவி மட்டுமே புதிது, கத்தரி பழையது. பழைய எதிர்ப்பு ஓரளவு கைகொடுத்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

புதிய முள் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பறவைகளிடமிருந்து. 2023 ஜனவரியில் நம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், அழூர் பஞ்சாயத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது. வாத்துகளையும் கோழிகளையும் அழித்தார்கள். 2021-ல் ஆலப்புழையில் வந்தபோது களியக்காவிளையில் கோழி வண்டிகளை நிறுத்திச் சோதித்தார்கள். பறவைக் கிருமியின் சாவி நம் தொண்டைப் பூட்டுக்கு நன்றாகப் பொருந்தாது. அதனால் மனிதரிடம் எளிதில் பரவுவதில்லை. ஆனால் சாவி மாறக்கூடியது என்று பார்த்தோம். அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கை. கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் தொடாதீர்கள், சமைக்காதீர்கள். மிருக ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

ஃபுளூவுக்குத் தடுப்பூசி உண்டு. கிருமியின் முள்ளை நோய் வராமலே உடம்புக்குக் காட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை. முள் மாறுவதால் ஊசியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. எந்த முள் பரவுகிறது என்று பல நாட்டு ஆய்வகங்கள் பார்க்கின்றன. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனமும் அவற்றில் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பட்டியல் தருகிறது. சாவி முள்ளின் நுனிதான் அடிக்கடி மாறுகிறது, அடித்தண்டு அவ்வளவாக மாறுவதில்லை. அந்தத் தண்டையே குறிவைக்கும் ஊசிக்கு ஆராய்ச்சி நடக்கிறது.

ஆஷா தொண்டர் பாட்டியிடம் கேட்டார்: "மருமகளுக்கு எத்தனையாவது மாதம்?"

"ஏழு."

"பாட்டி, கர்ப்பிணிக்கு ஃபுளூ வந்தால் நுரையீரல் வரை போகலாம். கத்தரி முள்ளைக் கட்டிப்போடும் மாத்திரை இருக்கிறது. ஓசல்டாமிவிர் என்று பெயர். முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஆனால் மழைக்காலத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் உண்டு. எது என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

பாட்டி புத்தகத்தை மடக்கினார்.

"தாலுகா ஆஸ்பத்திரியில் இப்போ டாக்டர் இருப்பாரா மக்களே?"

"இருப்பார் பாட்டி. நானும் வருகிறேன்."