எண்ணெய்க் குளிர்விப்பான் வாங்குமுன்

சங்க வண்டிக்கு எண்ணெய்க் குளிர்விப்பான் வாங்கத் தீர்மானம் செய்யுமுன், அது தேவைதானா என்று நாம் ஆராய வேண்டும். கையால் கியர் மாற்றும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் அது வேண்டியதில்லை. மின்விசையால் மட்டும் இயங்கும் பவர் ஸ்டியரிங்கில் எண்ணெயே கிடையாது. தானியங்கிக் கியர்பெட்டியுள்ள வண்டி பாரத்துடன் மலையேறினாலும், டிரெய்லரை இழுத்தாலும் எண்ணெய் மிகச் சூடேறும். சூட்டினால் எண்ணெய் கெடும். பின்னர் கியர்பெட்டியும் பழுதாகும்.

அத்தகைய வண்டிகளின் ரேடியேட்டருக்குள்ளேயே பெரும்பாலும் ஒரு குளிர்விப்பான் உண்டு. அது போதாதபோதே கூடுதலாக ஒன்று தேவை. அதனை, ரேடியேட்டரிலிருந்து எண்ணெய் திரும்பும் வழியில், நல்ல காற்றுப்படும் இடத்தில் பொருத்துவது வழக்கம்.

வளைகுழாய் வகை விலை மலிவு. அடுக்குத்தகட்டு வகை விலை அதிகமாயினும், சிறிய இடத்தில் மிகுந்த சூட்டைத் தணிக்கும். கனபாரத்துக்கு அதுவே ஏற்றது. ஸ்டியரிங் எண்ணெய்க்கு எளிய வளைகுழாயே பெரும்பாலும் போதும்.

அளவை நிர்ணயிக்கும்போது வண்டி, சரக்கு, டிரெய்லர் ஆகியவற்றின் மொத்த எடையைக் கணக்கிடுவோமாக. இணைப்புக்கு எண்ணெய்க்கென்றே செய்த ரப்பர் குழாயை வாங்குக. தண்ணீர்க் குழாய் உதவாது.

எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை வீசினால், முதலில் பழுதைக் கண்டறிக. பழுதான கியர்பெட்டியைக் குளிர்விப்பான் குணப்படுத்தாது. தேவையான சிறுசெலவைத் தவிர்ப்பதும், தேவையற்ற சிறுசெலவைச் செய்வதும் சங்கப் பணத்துக்கு ஒருங்கே நஷ்டமாகும்.