தூசியை அளக்கும் பணி: தொழில்சார் சுகாதார வல்லுநரின் கடமைகள்

சிலேட்டில் எழுதப் பயன்படும் பலப்பம் சிறிய பொருள். அதைத் தயாரிக்கும் தொழிலுக்கு மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் மாவட்டம் பெயர் பெற்றது. நிலத்திலிருந்து வெட்டியெடுத்த கற்பலகைகளை மின்சார வட்ட ரம்பத்தில் கொடுத்து மெல்லிய குச்சிகளாக அறுப்பதே இத்தொழிலின் முக்கிய வேலையாகும். அறுக்கும்போது எழும் நுண்ணிய தூசியில் படிகச் சிலிக்கா மிகுந்திருக்கும். ரம்பத்தின் முன் குனிந்து வேலை செய்பவர் நாள்தோறும் அதைச் சுவாசிக்க நேர்ந்தது.

அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இத்தொழிலாளர்களுள் 593 பேரைப் பரிசோதித்து, 1985ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரிடம் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் காணப்பட்டது. 16 மாதங்களுக்குப் பின் அதே தொழிலாளர்களை மீண்டும் ஆராய்ந்தபோது, 23 பேர் இறந்துபோயிருந்தனர். இறந்தோரின் சராசரி வயது 35ஐ எட்டவில்லை.

தொழில்சார் சுகாதாரம், பாதுகாப்பு ஆகியவற்றில் பயிற்சி பெற்ற வல்லுநர் எதற்காகத் தேவைப்படுகிறார் என்பதை இவ்வொரு நிகழ்ச்சியே விளக்கப் போதுமானது. எக்ஸ்ரே படத்தில் நோய் தெரியும் நிலையில் மருத்துவம் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆகவே, நுரையீரலில் நோய் தோன்றுமுன் காற்றில் உள்ள தூசியைக் கண்டறிந்து அடக்குவதே அவருடைய முதற்கடமை.

நோயின் தன்மை

மூக்கிலும் தொண்டையிலும் படியும் பெருந்தூசி இருமல், தும்மல் வழியாகப் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஏறத்தாழ 5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்களோ நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்றுவிடும். மனிதத் தலைமயிரின் தடிமன் பொதுவாக 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்பதை நினைவிற்கொண்டால், இத்துகள்கள் கண்ணுக்குப் புலப்படாமை வியப்பன்று. பட்டறையில் தூசி தெரியவில்லை என்பதால் அபாயம் இல்லை என்று முடிவு செய்தல் தவறாகும்.

நுண்ணறைகளை அடைந்த சிலிக்காத் துகளை உடலின் காவல் அணுக்கள் விழுங்குகின்றன. ஆனால் அதைச் செரிக்க இயலாமல் அவையே அழிகின்றன. இவ்வாறு மீண்டும் மீண்டும் நிகழ்வதால் நுரையீரலில் தழும்புத் திசு வளர்ந்து, மூச்சு விடும் ஆற்றல் குன்றுகிறது. இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னரும் நோய் முற்றக்கூடும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும். இரு நோய்களின் அறிகுறிகளும் பெரும்பாலும் ஒத்திருப்பதால், தொழிலை விசாரிக்காத மருத்துவர் காசநோய் என்று மட்டுமே எழுதிவிடுவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, தொழிலிடங்களில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென 1997ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது.

அளவிடும் முறை

வல்லுநர் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு வேலையையும் தொடக்கம் முதல் முடிவு வரை கவனிப்பதாகும். தூசி எந்த இடத்தில் எழுகிறது, எவர் அதற்கு அருகில் நிற்கிறார், எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரம்பம் இயக்குபவரை மட்டும் கவனித்துவிட்டு, மாலையில் தரையைப் பெருக்கும் பெண்ணை மறந்துவிடலாகாது.

அடுத்து, தொழிலாளியின் இடுப்பில் சிறிய பம்ப் ஒன்றும் சட்டைக் கழுத்தருகே வடிதாளும் பொருத்தப்படும். வடிதாளுக்கு முன்னுள்ள சுழலி பெருந்துகள்களைப் பிரித்துவிட, நுண்தூசி மட்டும் வடிதாளில் படியும். வேலை நேரத்தின் முன்னும் பின்னும் வடிதாளை நிறுத்து, எடை வேறுபாட்டைக் காண வேண்டும்.

1987ஆம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டத்திற்குச் செய்யப்பட்ட திருத்தம், 8 மணி நேர வேலைக்கான சராசரி வரம்பைக் கணக்கிட ஒரு சூத்திரம் தந்தது. நுண்தூசியில் உள்ள குவார்ட்ஸ் விழுக்காட்டுடன் 2ஐக் கூட்டி, அத்தொகையால் 10ஐ வகுத்தால், ஒரு கன மீட்டர் காற்றில் அனுமதிக்கத்தக்க நுண்தூசி மில்லிகிராம் கணக்கில் கிடைக்கும்.

பயிற்சிக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பம்ப் நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் 8 மணி நேரம் காற்றை இழுத்தால், மொத்தம் 960 லிட்டர், அதாவது 0.96 கன மீட்டர். வடிதாளின் எடை 0.48 மில்லிகிராம் கூடியிருந்தால், காற்றில் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராம் நுண்தூசி இருந்தது என்று பொருள். தூசியில் குவார்ட்ஸ் 48 விழுக்காடு எனில் வரம்பு 0.2 மில்லிகிராம், ஆகவே வரம்பைப் போல் இரண்டரை மடங்கு தூசியை அத்தொழிலாளி சுவாசித்திருக்கிறார். குவார்ட்ஸ் 8 விழுக்காடாக இருந்திருந்தால் வரம்பு 1 மில்லிகிராம், அதே 0.5 மில்லிகிராம் வரம்பிற்குள் அடங்கியிருக்கும். தூசியின் அளவோடு கல்லின் தன்மையையும் அறிவது இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

கட்டுப்படுத்தும் வரிசை

அளவு வரம்பை மீறினால் செய்ய வேண்டியவற்றிற்கு ஒரு வரிசை உண்டு. அபாயமான பொருளை நீக்கி வேறொன்றைப் பயன்படுத்த முடியுமா என்பது முதற் கேள்வி. முடியாதெனில், நீர் பாய்ச்சி அறுத்தல், இயந்திரத்தைக் கூண்டிட்டு மூடுதல், தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சும் அமைப்பைப் பொருத்துதல் ஆகியவற்றை ஆராய வேண்டும். பின்னரே வேலை நேரத்தையும் முறையையும் மாற்றுதல் வரும். முகமூடி இவ்வரிசையில் கடைசி.

நடைமுறையில் பல இடங்களில் இவ்வரிசை தலைகீழாக உள்ளது. முகமூடிக்குச் செலவு குறைவு. உறிஞ்சு அமைப்பிற்குச் செலவு அதிகம். முகத்தில் கட்டிய துணி நுண்தூசியைத் தடுக்காது. தகுந்த முகமூடியும் முகத்தில் இறுகப் பொருந்தினால்தான் பயன்படும். கோடை வெப்பத்தில் கல் அறுப்பவர் அதை நாள் முழுதும் அணிந்திருப்பது கடினம். முகமூடி வழங்கிய பதிவேட்டில் கையொப்பம் இருப்பதைக் கண்டு ஆய்வை முடித்துக்கொள்ளும் அலுவலர், தூசியைத் தடுக்கும் பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் ஏற்றிவிடுகிறார்.

சட்டமும் எட்டாத இடங்களும்

1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலர் நியமிக்கப்பட வேண்டியிருந்தது. 1984ஆம் ஆண்டின் போபால் விபத்திற்குப் பின் வந்த 1987ஆம் ஆண்டுத் திருத்தம் அபாயகரமான தொழில்களுக்கெனத் தனி அத்தியாயத்தைச் சேர்த்தது. தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில், 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு அலுவலரை நியமிக்கும் வரம்பு, பொதுவான தொழிற்சாலைகளுக்கு 500 தொழிலாளர் எனவும், அபாயகரமான செயல்முறை உள்ளவற்றிற்கு 250 எனவும் குறைந்துள்ளது. சிலிக்கோசிஸ் நோயைக் கண்டறியும் மருத்துவர் அதை உரிய அரசு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் கடமையும் தொடர்கிறது.

எனினும், கல் அறுக்கும் பட்டறைகள் பலவற்றில் பத்துப் பேர் கூட வேலை செய்வதில்லை. அங்கே பாதுகாப்பு அலுவலரும் இல்லை. பெரும்பாலும் வருகைப் பதிவேடும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து மூச்சுத் திணறலுடன் இழப்பீடு கோரும் தொழிலாளி, தாம் அங்கே வேலை செய்ததை நிரூபிக்க இயலாமல் தவிக்கிறார். இத்தகைய இடங்களில் வல்லுநர் எழுதிவைக்கும் தூசி அளவும் பெயர்ப் பட்டியலும் பிற்காலத்தில் அவருக்குச் சான்றாக உதவக்கூடும். தொழிலாளியின் சுகாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று 1995ஆம் ஆண்டில் கல்நார்த் தொழில் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சுகாதாரப் பதிவேடுகளை நெடுங்காலம் பாதுகாக்கவும் ஆணையிட்டது.

பயிற்சி

இத்துறையில் பொறியாளர், மருத்துவர், வேதியியலார் ஆகியோர் இணைந்து பணியாற்றுகின்றனர். மும்பையிலுள்ள மத்தியத் தொழிலாளர் நிறுவனமும், சென்னை, கான்பூர், கொல்கத்தா முதலிய நகரங்களிலுள்ள மண்டல நிறுவனங்களும் பயிற்சி அளிக்கின்றன. தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகள், பாதுகாப்பு அலுவலர் பெரும்பான்மைத் தொழிலாளரின் மொழியை அறிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தின. இது பொருள் பொதிந்த தகுதியாகும். எந்த நேரத்தில் தூசி மிகுகிறது, உறிஞ்சு குழாய் எப்போது அடைபடுகிறது என்பவற்றை ரம்பத்தின் முன் நிற்பவரே நன்கறிவார்.

சிலிக்கோசிஸ் நோயை 2030ஆம் ஆண்டிற்குள் உலகிலிருந்து ஒழிப்பதெனச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 1995ஆம் ஆண்டில் திட்டமிட்டன. அத்திட்டத்திற்கு வேண்டிய தொழில்நுட்பம் புதிதன்று; நீர்க் குழாயும் உறிஞ்சு விசிறியும் வடிதாளும் நெடுங்காலமாக நம் கையில் உள்ளவையே. அவற்றைச் சிறு பட்டறைகளின் வாயிலுக்குக் கொண்டுசேர்ப்பது, இன்று பயிலும் மாணவர்களும் பணியிலுள்ள அலுவலர்களும் நிறைவேற்ற வேண்டிய கடமையாகும்.