ஆலைத் தரமே அளவுகோல்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை மிகையின்றிச் சீரமைக்கும் முறை

பழைய கார் ஒன்று தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் பெற்றிருந்த தரத்தைக் கடந்து, கூடுதல் பளபளப்பையும் துல்லியத்தையும் அதன்மீது ஏற்றுவதை மிகைச் சீரமைப்பு எனலாம். அமெரிக்காவில் 1974இல் தொடங்கப்பட்ட தேசிய கார்வெட் சீரமைப்பாளர் சங்கம், கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்களை அவற்றின் அழகைக் கொண்டு மதிப்பிடுவதில்லை. ஆலையில் வேலை முடிந்த நிலையை அவை எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்பதையே பார்ப்பதால், அங்கே குறைவைப் போலவே மிகையும் பிழையாகக் கருதப்படுகிறது.

தமிழ்நாட்டில் இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்க்க ஏற்றது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலாட்டி வடிவமைத்து, 1959இல் பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த இக்காரை, சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் வண்டலூரை அடுத்த தன் ஆலையில் தயாரித்தது. இதன் சேசிஸ், அதாவது வண்டியின் முழு எடையையும் தாங்கும் இரும்புச் சட்டம், பாடியிலிருந்து தனித்திருப்பது. அதையே சுருக்கி 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் உருவாக்கப்பட்டது. பாடியின் பகுதிகள் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருப்பதால் ஹெரால்டை முழுவதுமாகப் பிரிப்பது எளிது. மிகைச் சீரமைப்புக்கு வழி திறப்பதும் அந்த எளிமையே. கிள்ளை போன்ற கடலோர ஊர்களில் துருவின் அச்சமும் சேர்ந்து, எல்லாவற்றையும் புதிதாக்கிவிடும் எண்ணத்தை வலுப்படுத்துகிறது. பின்வரும் படிகள் அந்த எண்ணத்துக்கு எல்லை வகுப்பவை.

படி 1: அடையாளத்தை உறுதிசெய்தல்

முதலில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். அடுத்து, கார் எந்த மார்க்கை, அதாவது எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று தீர்மானிக்க வேண்டும். 1968இல் வந்த மார்க் 3 நான்கு கதவுகள் கொண்டது. அந்த அமைப்பு இந்தியாவுக்கே உரியது என்பதால் பிரிட்டிஷ் ஹெரால்டின் படங்களை அதற்கு முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் உயர்ரகப் பாகம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சென்னை ஆலை பொருத்திய பாகம் அதுவல்ல என்றால் அந்தக் காருக்கு அது அந்நியமே. அந்தந்த மார்க்குக்குரிய உதிரிபாகப் பட்டியலும் பட்டறைக் கையேடும் கிடைக்கும்வரை பாகங்கள் வாங்குவதைத் தள்ளிவைப்பது நல்லது.

படி 2: பிரிப்பதற்கு முன் சான்றுகளைப் பதிதல்

ஆலைத் தரத்தின் நம்பகமான சான்றுகள் காரின் மறைவான இடங்களிலேயே எஞ்சியிருக்கும். டேஷ்போர்டின் அடிப்பகுதி, கதவின் உள்அட்டைக்குப் பின்புறம், டிக்கியின் மூலைகள், ரப்பர் பீடிங்கின் அடிப்புறம் ஆகிய இடங்களில் வெயில் படாத மூல வண்ணமும், ஸ்பாட் வெல்டிங்கின் வட்டத் தழும்புகளும், பெயிண்ட் தெளிப்பு ஓரத்தில் சிதறிய புள்ளிகளும், ஆய்வாளர் இட்ட சுண்ணக் குறிகளும் கிடைக்கலாம். இவை ஆலையின் கைவேலையைக் காட்டும் தடயங்கள் என்பதால், கழுவித் துடைப்பதற்கு முன்பே ஒவ்வொன்றையும் அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படமெடுக்க வேண்டும்.

பெயிண்ட் கனத்தைக் காட்டும் கருவி கிடைத்தால் பாடி முழுவதையும் அளந்து குறிப்பது பயனளிக்கும். ஓரிடத்தில் அளவு திடீரெனப் பல நூறு மைக்ரான் உயர்ந்தால் அங்கே பிற்காலத்தில் பட்டி பூசப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்; அந்தப் பகுதியை ஆலைத் தரத்துக்குச் சான்றாக எடுக்கக் கூடாது.

படி 3: மூன்று பட்டியல்கள்

ஒவ்வொரு பாகத்தையும் அப்படியே பேணத்தக்கவை, பழுதுபார்க்கத்தக்கவை, மாற்றியே ஆகவேண்டியவை என மூன்றாகப் பிரிக்க வேண்டும். உலகப் பழம்வாகனக் கூட்டமைப்பான ஃபிவாவின் டுரின் சாசனமும் சீரமைப்பைவிடப் பேணுதலுக்கே முன்னிடம் தருகிறது. கிழியாத பழைய ரெக்சின் சீட்டு மங்கியிருப்பது மட்டும் அதை மாற்றக் காரணமாகாது. பிரேக் குழாய், வீல் சிலிண்டர், டயர், ஒயரிங் போன்ற உயிர்காப்புப் பாகங்களில் பழமைக்கு இடமில்லை. அவற்றைத் தயக்கமின்றிப் புதிதாக்க வேண்டும். சோழவரம் ஓடுதளத்தில் பந்தயத்தில் ஓடிய கார் என்று ஆவணம் இருக்குமானால், அக்காலத்தில் செய்யப்பட்ட மாற்றங்களும் அதன் வரலாறே என்பதால், அவற்றை அகற்றி ஆலை நிலைக்குத் திருப்புவது பொருந்தாது.

படி 4: துருவின் எல்லையறிதல்

ஹெரால்டில் துரு முதலில் தாக்குவது சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகளையும், டிக்கியின் தரையையும், கதவுகளின் அடியோரத்தையும் ஆகும். கூர்முனைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, மழுங்கிய ஓசை எழும் இடத்தை மட்டும் நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு சாண் அளவுக்குக் கண்ட துருவுக்காக முழுப் பாகத்தையும் கழிப்பது, ஆலை முத்திரையுள்ள நல்ல இரும்பையும் சேர்த்து இழப்பதாகும். வெல்டிங் மடிப்புகளைத் தேய்த்து மறைப்பதும் கூடாது. ஆலை மடிப்பைக் காட்டிய இடத்தில் மடிப்பு தெரியத்தான் வேண்டும்.

படி 5: இடைவெளிகளைச் சரிசெய்தல்

ஹெரால்டின் பானெட் முன்பக்க மட்கார்டுகளோடு ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்வது. ஆகவே பானெட்டுக்கும் கதவுக்கும் இடைப்பட்ட இடைவெளி புத்தம் புதிய காரிலும் முழுச் சீராக அமைவது அரிது. கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது, பானெட் கீலையும், பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவிலுள்ள இடைத்தகடுகளையும் சரிசெய்தே இடைவெளியைப் பெற வேண்டும். விளிம்பில் பட்டி பூசியோ ஈயம் உருக்கியோ கோடு கிழித்தாற்போல் இடைவெளி அமைப்பது மிகைச் சீரமைப்பின் முதல் அடையாளம். கதவு உரசாமல் மூடுவதும், மழைநீர் உள்ளே புகாததும் போதுமான இலக்குகள்.

படி 6: வண்ணமும் உலோக மெருகும்

இன்றைய இரட்டைப் பூச்சு முறையில் வண்ணத்தின்மேல் நிறமற்ற கிளியர் தடவப்படுவதால் கண்ணாடி போன்ற ஆழம் கிடைக்கிறது. அக்காலத்து ஒற்றைப் பூச்சில் அந்த ஆழம் இராது, ஆரஞ்சுத் தோல் போன்ற நுண்மேடுகள் இருக்கும். எனவே கிளியர் இல்லாத பெயிண்டைத் தேர்ந்து, வெளிப்பரப்பை அளவாக மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, எஞ்சின் அறையையும் அடிப்பகுதியையும் மெருகேற்றாமல் விட வேண்டும். துத்தநாகப் பூச்சுடன் வந்த போல்ட்டுக்குக் குரோம் பூசுவதும், கறுப்படித்த பிராக்கெட்டைப் பளபளக்கத் தேய்ப்பதும் தவிர்க்கத்தக்கவை.

படி 7: கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்பு

கடலோரத்தில் ஆலைத் தரம் மட்டும் காரைக் காக்காது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது, இரும்பில் படிந்த உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்து துருவைத் தூண்டும். பிச்சாவரம் கழிமுகத்தை ஒட்டிய கிள்ளையில் மழை இல்லாத நாளிலும் கார் துருப்பிடிக்க இதுவே காரணம். ஆகவே சேசிஸின் உட்குழிவுகளிலும் கதவுகளின் உட்புறத்திலும் துருத்தடுப்பு மெழுகைத் தெளிப்பது ஏற்கத்தக்கது. அது வெளியே தெரியாது, தேவைப்பட்டால் நீக்கவும் முடியும். கழுவுவதற்கு உவர்ப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்க்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும் என்பதால் காற்றோட்டமுள்ள கொட்டகையும் பருத்தி உறையுமே ஏற்றவை.

படி 8: கோப்பும் பதிவும்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, பெருமளவில் மாற்றியமைக்கப்படாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களே வின்டேஜ் வாகனங்களாகப் பதிவு பெறும். புதிய பதிவுக்கான கட்டணம் 20,000 ரூபாய், அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே மிகைச் சீரமைப்பை ரசனை பற்றிய விவாதமாக மட்டும் கொள்ள முடியாது. சேசிஸையோ பாடியையோ எஞ்சினையோ மாற்றியமைக்கும் அளவுக்குச் சென்றால் அது காரின் சட்டத் தகுதியையும் ஐயத்துக்கு உள்ளாக்கக்கூடும். சீரமைப்புக்கு முன்பும் பின்பும் எடுத்த படங்கள், மாற்றிய பாகங்களின் பட்டியல், மாற்றியதற்கான காரணம், கழற்றி வைத்த மூலப் பாகங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பாகவும் பெட்டியாகவும் பேண வேண்டும். ஒரு மாற்றத்துக்கான காரணத்தை அந்தக் கோப்பில் சான்றோடு எழுத இயலவில்லை என்றால், அந்த மாற்றத்தைச் செய்யாமல் விடுவதே முறை.