சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையும் மேடைத் தொழிற்பயிற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இசைநாடக ஆசிரியர் என்ற நிலையிலேயே பெரிதும் ஆராயப்பட்டுள்ளார். சிறுவர்களை மேடைத் தொழிலுக்குப் பழக்கிய பயிற்றுநர் என்ற நிலையில் அவரை நோக்கும் இக்கட்டுரை, நடிகரைக் குழுவின் கட்டுக்குள் நிறுத்த உருவான நாடகப் பாடமே பிற்காலத்தில் குழுவின்றியும் நடிகர் பிழைக்க வழிசெய்தது எனக் கருதுகிறது.

திறவுச்சொற்கள்: பாலர் சபை, இசைநாடகம், பாடம், மகரக்கட்டு, ஸ்பெஷல் நாடகம்

உப்புக் கணக்கிலிருந்து மேடைக்கு

சுவாமிகள் இளமையில் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தவர். 24ஆம் வயதில் அப்பணியை விட்டு நாடகத்துறைக்கு வந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றதும், புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் ஆதரவில் தாள நுட்பம் கைவரப்பெற்றதும் அவர் வரலாற்றில் தவறாது குறிக்கப்படுபவை. இவ்விரண்டும் ஏட்டுக் கல்வியாக மட்டும் நிற்கவில்லை. இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களைத் தாமே ஏற்று நடித்துப் பெற்ற மேடைப் பழக்கமும் உடன்சேர்ந்தது. ஒரே ஆசிரியரிடம் ஒரே இடத்தில் தங்கிக் கற்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. மாணவராகத் தமக்கு அமையாத அந்த ஒழுங்கைப் பின்னாளில் ஆசிரியராக அவர் தம் சபைகளில் உருவாக்கினார் என்பது கருதத்தக்கது.

பாலர் சபையின் தோற்றம்

1910இல் சுவாமிகள் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவானது. வயதுவந்த நடிகர்களின் கட்டுப்பாடின்மையே அவரைச் சிறுவர்கள்பால் திருப்பியது என்பது நாடக வரலாற்றாசிரியர் பலர் கூறும் காரணம். அக்காலப் பெரிய நடிகர் மேடையில் தம் விருப்பம்போல் பாட்டை நீட்டுவார், எதிரில் நிற்பவரை வாதத்தில் மடக்குவார், கதை நின்றுவிடும். சிறுவனோ கொடுத்த பாடத்தைக் கொடுத்தவாறே ஒப்பிப்பான்.

‘பாடம்’ என்னும் சொல் இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. பதிப்புத்துறையில் அது பனுவலின் வடிவம்; பள்ளியில் கற்கும் பகுதி; நாடகத்திலோ ஒரு வேடத்துக்குரிய பாட்டும் வசனமும் மனத்தில் நிலைபெற்ற நிலை. சுவாமிகளின் நாடகங்களில் இம்மூன்றும் ஒன்றாகின்றன. ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் பாட்டும் வசனமுமாக எழுதி, சிறுவனாயிருந்த தி. க. சண்முகத்தை அபிமன்யுவாக நடிக்கவைத்தார் என்ற செய்தி அவருடைய கவித்திறனுக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. அதனைப் பயிற்றுமுறைக்குச் சான்றாகவும் கொள்ளலாம். ஆசிரியர் தம் முன் நிற்கும் மாணவனின் குரலையும் வயதையும் மனத்திற்கொண்டு பாடம் வகுத்தார்.

கல்வியா, உழைப்பா?

பாலர் சபைகளைக் ‘குருகுலம்’ எனப் போற்றும் வழக்கம் ஆய்வுலகில் வேரூன்றிவிட்டது. அச்சொல்லை அப்படியே ஏற்பது கடினம். 1912இல் பிறந்த சண்முகம் 1918இல் சபையில் சேர்ந்தபோது ஆறு வயதினர். தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் நடிகர் என்பதால் அது குடும்பத்தின் பிழைப்போடு இணைந்த சேர்க்கை. உணவும் உறைவிடமும் சபையின் பொறுப்பு. இரவுதோறும் சீட்டு விற்று நடந்த நாடகத்தின் வருவாய் சிறுவர்களின் குரலிலிருந்து வந்தது. கற்ற பாட்டே அன்றிரவு விற்பனைக்குச் சென்றதால் பயிற்சி எங்கே முடிந்து உழைப்பு எங்கே தொடங்கியது எனப் பிரித்தறிய இயலாது. இன்று இசைநிகழ்ச்சி நிறுவனங்களில் சிறுதொகைக்கோ தொகையின்றியோ பணிபுரியும் பயிற்சி இளைஞர்களைப் பற்றி எழும் வினாவும் இதுவே. ஆயினும் இன்றைய பயிற்சியாளர் வயதுவந்தவர் என்ற வேறுபாட்டை மறத்தல் கூடாது.

பயிற்சிக்காலத்துக்கு எல்லை வகுத்தது ஒப்பந்தத்தைவிட உடலே எனலாம். குரல் உடையும் பருவத்தை நாடகத்தார் மகரக்கட்டு என்றனர். ஸ்திரீபார்ட்டில் புகழ்பெற்ற சிறுவனுக்கு அதுவே பெரும் இடர். குரல் மீளாவிட்டால் அவன் கற்ற பாட்டுகள் அவனுக்கே பயனற்றுப்போகும். எஸ். ஜி. கிட்டப்பா போன்ற சிலரே இளமைப் புகழை இளைஞராகவும் தக்கவைத்தனர். தி. க. ச. சகோதரர்கள் 1925இல் சொந்தக் குழு அமைத்துப் பயிற்றுநராயினர். சண்முகம் 1972இல் வெளியிட்ட ‘எனது நாடக வாழ்க்கை’யால் இவ்வாழ்க்கை இன்று ஓரளவு தெரியவருகிறது. நூல் எழுதும் நிலைக்கு உயராத சிறுவர்களின் தரப்பு ஆவணமற்றே கிடக்கிறது. குருகுலப் புகழுரைகள் இவ்வெற்றிடத்தைக் கருதாமலே எழுதப்படுகின்றன.

குழுவைக் கடந்த பாடம்

சுவாமிகள் இறுதிக்காலத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்து புதுச்சேரியில் 1922 நவம்பர் 13இல் மறைந்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் புலம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அங்குப் பயின்றவர்க்குப் பட்டம் உண்டு. பாலர் சபையிலிருந்து வெளியேறிய சிறுவனிடம் இருந்ததோ பாடம் மட்டுமே.

ஆனால் அப்பாடம் எல்லார்க்கும் பொதுவாயிற்று. ஒரு குழுவில் ‘வள்ளி திருமணம்’ கற்றவரும் வேறொரு குழுவில் கற்றவரும் ஒத்திகையின்றி ஒரே மேடையில் நிற்க முடிந்தது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே அமர்த்தி ஓரிரவுக்கு மட்டும் கூட்டும் ஸ்பெஷல் நாடகத்தின் அடிப்படை இதுவே. மதுரையின் நாடக நடிகர்கள் சுவாமிகளுக்கு ஆண்டுதோறும் குருபூசை நடத்துவதை வெறும் மரபுப் பற்றாகக் கொள்வதற்கில்லை. அவர்களின் தொழிலே அவர் பாடத்தால் நிற்கிறது.

தூத்துக்குடி மாவட்டக் கோயில் கொடைகளிலும் தென்மாவட்டத் திருவிழாக்களிலும் இரவு முழுவதும் நிகழும் இந்நாடகத்திற்குப் பாலர் சபை போன்ற பயிற்சியிடம் இன்று இல்லை. புதியவர் மூத்த நடிகரை அண்டியும், ஆர்மோனியக்காரரிடம் சுருதி பழகியும், மேடையிலேயே தவறியும் கற்கிறார். வள்ளிக்கும் நாரதருக்கும் இடையிலான தர்க்கமே அவருக்குக் கடும் தேர்வு. அங்குப் பாட்டைத் தவிர மற்றவற்றிற்கு எழுதிய பாடம் போதாது. எதிராளி எதைக் கேட்பார் எனத் தெரியாது. பெரிய நடிகர்களின் எந்த வாதப் போக்கை அடக்கச் சுவாமிகள் சிறுவர்களை நாடினாரோ, அதே வாதத்தைக் கேட்கவே இன்று அவையினர் விடியும்வரை அமர்ந்திருக்கின்றனர்.