கோனா ஏரி கற்பித்த பாடம்

இமயத்தில் நடைப்பயணம் போகத் திட்டமிட்ட நம் மாணவ நண்பர் சிலர், "பாறை சரிந்து விழுந்தாயிற்றே, இன்னும் ஏன் ஆற்றோரப் பாதைகளை மூடி வைத்திருக்கிறார்கள்?" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டனர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1893 செப்டம்பரில், கார்வாலில், அலகநந்தாவின் கிளையாறான பிர்ஹி கங்கையைக் கோனா என்னும் சிற்றூரருகே மலை சரிந்து மறித்தது. ஏறத்தாழ 900 அடி உயரக் கற்குவியல்; மதகும் இல்லை, கலிங்கும் இல்லை. இத்தகைய அணையின்மேல் நீர் வழியத் தொடங்கினால், அந்நீரே கல்லையும் மண்ணையும் அரித்து வாயை அகலமாக்கும். வாய் அகல அகல வெள்ளம் பெருகும். நம்மூர் ஏரிக்கரை உடையக் கண்டவர்க்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏரி நிரம்ப ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அதற்குள் பொறியாளர்கள் தந்திக் கம்பி இழுத்தனர். தொங்கு பாலங்களைக் கழற்றினர். கரையோர மக்களை மேட்டிற்கு அனுப்பினர். 1894 ஆகஸ்டு 25-ஆம் நாள் இரவு அணை உடைந்தது. ஸ்ரீநகர் (காஷ்மீரத்து நகரமன்று, கார்வாலில் உள்ளது) அடித்துச் செல்லப்பட்டது. மாண்டவர் ஐவரே: வெளியேற்றப்பட்ட பின்னும் திரும்பி வந்த ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தினரும்.

ஏரி அன்று முழுதும் வடிந்துவிடவில்லை. எஞ்சிய நீர் 76 ஆண்டுகள் அங்கேயே கிடந்து, 1970-ஆம் ஆண்டு வெள்ளத்தில்தான் உடைத்துக்கொண்டு போயிற்று.